வழக்குச் செலவும் அவைக்கூடத்துக் கூரையும்

மார்ச் 4, செவ்வாய்

காலை வழிபாடு முடித்து எழுந்தபோது பின்புறச் சந்தில் சக்கரங்கள் உருளும் ஓசை கேட்டது. என்னவர் தாமாகவே நாற்காலியை உருட்டிக்கொண்டு தெருமுனை வரை போய்ச் செய்தித்தாள் வாங்கி வந்திருக்கிறார். நான்கு ஆண்டுகளாக அடைபட்டுக் கிடந்த வழி அது. பக்கத்து வீட்டு ஜன்னல்காரர் (அலுமினிய ஜன்னல் செய்து விற்பவர்; எங்கள் வீட்டில் அவருக்கு வேறு பெயர் கிடையாது) பொதுச் சந்தில் தகரக் கொட்டகை போட்டுத் தம் ஜன்னல் சட்டங்களை அடுக்கிவைத்த நாள்முதல், முன்வாசல் படிகளில் இவரை இருவர் தூக்கி இறக்க வேண்டியிருந்தது. இப்போது தீர்ப்பும் வந்துவிட்டது, கொட்டகையும் போய்விட்டது.

எப்படி இருந்தது வெளியுலகம் என்று கேட்டேன்.

"எல்லாம் அப்படியேதான் இருக்கு. டீ விலை மட்டும் வளர்ந்திருக்கு."

தீர்ப்பின் கடைசிப் பத்தியில், எங்கள் வழக்குச் செலவையும் எதிர்த்தரப்பே தர வேண்டும் என்று இருக்கிறது. செலவுப் பட்டியலை இந்த மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டுமாம். மகள் அந்தப் பத்தியை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தாள்.

மார்ச் 6, வியாழன்

மகள் பணி முடிந்து வந்தவள், உடை மாற்றக்கூடப் போகாமல் என் எதிரே அமர்ந்தாள். பேருந்து நிறுத்தத்தின் அருகே இரண்டு அறைகள் காலியாகின்றனவாம். தரைத்தளம், படி கிடையாது, அகலமான கதவு. மருத்துவமனையில் பிறர் போட்ட அட்டவணைக்கு ஓடிக் களைத்த ஒரு பிசியோதெரபிஸ்டுக்குச் சொந்தமாகத் தொழில் தொடங்க அதற்குமேல் என்ன வேண்டும்? முன்பணத்துக்கு உரிமையாளர் அடுத்த மாதத் தொடக்கம் வரை பொறுப்பாராம்.

பணம் வேண்டும் என்று அவள் கேட்கவில்லை. கேட்காமலே கேட்பது எப்படி என்பதை என்னிடம்தான் கற்றாள். இந்த வழக்கை நடத்தியது அவளுடைய சேமிப்பு. அப்பா வெளிக்காற்றைக் காண வேண்டும் என்பதற்காக, தனக்கென்று சேர்த்ததைச் சிறுகச் சிறுக எடுத்துக் கொடுத்தாள். செலவுத் தொகை வந்தால் அவளுக்கு அந்த அறைகள் கிடைக்கும். வராவிட்டால் இன்னும் பல ஆண்டுகளுக்கு அதே மருத்துவமனைதான்.

"வரும்" என்றேன். எதையும் உறுதியாகச் சொல்லிவிடுவது என் வழக்கம். அது பக்தியால் வந்ததா, பிடிவாதத்தால் வந்ததா என்பதை இந்த வயதிலும் பிரித்தறிய முடியவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

வக்கீல் தம்பியின் அலுவலகத்துக்குப் போய் வந்தேன். உடன்பிறந்தவர் அல்லர்; மறைநூல் ஓதும் எங்கள் பாராயண அவையில் எனக்கு வலப்பக்கம் அமர்ந்து பாடுபவர் அவர். செய்யுளில் ஒரு சீர் நழுவினால் என் முகத்தைப் பார்ப்பார். நான் கண்ணாலேயே எடுத்துக் கொடுப்பேன். அப்படிப்பட்ட பழக்கம்.

அவருடைய குமாஸ்தா பட்டியலைத் தயாராக வைத்திருந்தார். நீதிமன்றக் கட்டணம், சந்தின் அளவெடுக்க வந்த ஆணையரின் கட்டணம், சாட்சிகளின் பயணச் செலவு, நகல் எடுத்த செலவு. அத்தனையும் கூட்டினால் மொத்தத்தில் கால் பங்கு தேறும். மிச்சம் முக்கால் பங்கும் வக்கீல் கட்டணம். அதற்கு ரசீது கேட்டார். துணிப்பையிலிருந்து ரசீதுக் கட்டை எடுத்து வைத்தேன். ஒன்றுகூடத் தொலையவில்லை என்பதில் எனக்குச் சற்றுப் பெருமையும் இருந்தது.

குமாஸ்தா ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு இன்னொரு முறை புரட்டினார்.

"அம்மா, இதெல்லாம் உங்க அவை குடுத்த நன்கொடை ரசீது. கூரை நிதின்னு போட்டிருக்கு."

ஆம், கூரை நிதிதான். வழக்கு தொடங்கிய நாளில் தம்பி என்னிடம் கட்டணம் வாங்க மறுத்துவிட்டார். கூட உட்கார்ந்து பாடுகிற அக்காவுக்கு எப்படி பில் போடுவது என்றார். ஒருவர் உழைப்பை இலவசமாகப் பெறுவதில்லை என்று நானும் மறுத்தேன். இருவரும் ஒருவரையொருவர் உபசரித்து ஓய்ந்தபின் ஒரு வழி கண்டோம். அவர் பிறரிடம் வாங்கும் கட்டணம் எவ்வளவோ அதை ஒவ்வொரு வாய்தாவுக்கும் நான் அவைக்கூடத்தின் கூரை நிதியில் செலுத்துவது. மறைநூல்கள் இருந்த அலமாரியின்மீது அப்போது மழைநீர் சொட்டிக்கொண்டிருந்தது. எங்கள் இருவர் மனமும் நிறைந்துவிட்டது. கூரையும் மாறிவிட்டது.

வக்கீலுக்கு நான் ஒரு காசும் கொடுத்ததில்லை. கொடுக்காத கட்டணத்தை எதிரியிடம் கேட்பது எங்ஙனம்?

தம்பி தலையைக் கையில் தாங்கிக்கொண்டார். "வக்கீல் நான்தானே அக்கா. எனக்கில்ல அன்னைக்கே உறைச்சிருக்கணும்."

மார்ச் 12, புதன்

என்னவரிடம் சொன்னேன். இரக்கமே இல்லாமல் சிரித்தார். "அப்போ இத்தனை வருஷம் கேஸ் நடத்துனது எனக்காக இல்ல, உங்க ஓட்டைக் கூரைக்காகன்னு சொல்லு."

நான் சிரிக்கவில்லை. சற்றுப் பொறுத்து நானும் சிரித்தேன்.

மார்ச் 13, வியாழன்

மகளிடம் இன்னும் சொல்லவில்லை.

மார்ச் 15, சனி

சொன்னேன்.

குமாஸ்தா ஒரு வழி சொல்லியிருக்கிறார். தம்பி இப்போது உட்கார்ந்து பழைய தேதிகளில் பில்கள் எழுதுவது. பணம் பெற்றுக்கொண்டேன் என்று அவர் ஒப்பமிடுவது. கொடுத்தேன் என்று நான் உறுதிமொழியில் ஒப்பமிடுவது. தம்பி அதற்கு ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. எனக்காக ஒரு பழியைச் சுமக்க ஆயத்தமாகிறார் என்பது அவர் குரலில் தெரிந்தது.

மகள் பொறுமையாகவே பேசினாள். அதுதான் கடினமாக இருந்தது.

"இதுல பொய் எங்கம்மா இருக்கு? அவர் வேலை செஞ்சார். நாம பணம் குடுத்தோம். அவர் கைகாட்டுன இடத்துல குடுத்தோம், அவ்வளவுதானே."

அவர் வாங்கவில்லை என்றேன்.

"அவர் வேண்டாம்னு சொன்னப்பவே நன்றின்னு சொல்லிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். நான் அன்னைக்கே சொன்னேன். நீதான், யாருக்கும் கடன்பட மாட்டேன்னு நின்ன. உனக்குக் கௌரவம், அவருக்கு மரியாதை, அவைக்குக் கூரை. எல்லாருக்கும் எல்லாம் கிடைச்சுது. எனக்கு?"

வாய்மையைப் பற்றி நான் மனப்பாடமாகச் சொல்லக்கூடிய செய்யுள்கள் எத்தனையோ. ஒன்றிலும் மகளின் சேமிப்பைப் பற்றிய பேச்சு இல்லை. என் நட்டத்தில் நான் உண்மை பேசினால் அது அறம். அவளுடைய நட்டத்தில் நான் உண்மை பேசினால் அதற்கு என்ன பெயர்? — சொல்லுங்களேன் யாராவது. பெத்த பிள்ளை வயித்துல அடிச்சுட்டு நான் மட்டும் நல்லவளா நிக்கறதா?

தேநீர் ஆறிப்போயிற்று. இருவருமே குடிக்கவில்லை.

மார்ச் 17, திங்கள்

முடிவு செய்துவிட்டேன். பழைய தேதியிட்ட தாளில் ஒப்பமிட மாட்டேன். ஆனால் வாய் திறவாமலும் இருக்க மாட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதி, நன்கொடை ரசீதுகளையும் இணைத்து, கட்டணத்துக்கு ஈடாகச் செலுத்திய தொகை இது என்று, செலவை மதிப்பிடும் நீதிமன்ற அலுவலரிடம் கேட்பது. கொடுத்தால் மகிழ்ச்சி. மகள் சொன்ன வாதத்தையே அதில் சேர்த்தேன். நேர்மையான வாதம்தான் அது.

தம்பி படித்துப் பார்த்து நீண்ட மூச்சு விட்டார். நான்கு நாளாக அவரும் சரியாகச் சாப்பிடவில்லையாம்.

மகளிடம் சொன்னேன். "சரி" என்றாள். கதவைச் சாத்தும்போது ஓசை வராமல் சாத்தினாள்.

மார்ச் 27, வியாழன்

செலவு மதிப்பீட்டு அலுவலர் என்பவர் நீதிபதி அல்லர். சிறிய அறை, சிறிய மேசை, மேசைக்குப் பின்னால் அளவாகப் பேசும் ஓர் அம்மையார். ஜன்னல்காரரும் அவருடைய வக்கீலும் எதிரே. என்னவரும் வந்தார், வழி திறந்ததிலிருந்து அவரை வீட்டில் பிடித்துவைக்க முடிவதில்லை.

சிறு செலவுகள் விரைவாகவே முடிந்தன. பிறகு ரசீதுக் கட்டு மேசைக்கு வந்தது. அவர்கள் வக்கீல், இப்படி ஒன்றைத் தம் அனுபவத்தில் கண்டதில்லை என்றார். அலுவலர் கண்டதில்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒவ்வொரு ரசீதின் அடியிலும் "மனமுவந்து அளித்தது" என்று அச்சடித்திருக்கிறது. அந்த வாசகத்தை அவைக்கு எழுதிக் கொடுத்தவளும் நான்தான்.

"உங்க வக்கீல் கேட்டதுனால குடுத்தீங்களா, இல்ல மனசார விரும்பிக் குடுத்தீங்களா? ரெண்டுல எதுன்னு சொல்லுங்க."

அவர் குரலில் ஓர் இரக்கம் இருந்தது. முதற்பாதியைச் சொன்னால் போதும், அது கட்டணமாகிவிடும். வழி விட்டுத்தான் கேட்டார். மகளின் முகம் கண்முன் வந்தது. அகலமான அந்தக் கதவும் வந்தது.

ஆனால் ஒவ்வொரு முறையும் பணத்தைச் செலுத்திவிட்டு மாறிவரும் ஓடுகளை அண்ணாந்து பார்த்து நின்றவள் யார்? அந்த மகிழ்ச்சியைக் கடமை என்று சொல்ல எனக்கு வரவில்லை.

"விரும்பித்தான் கொடுத்தேன்" என்றேன்.

அலுவலர் எழுதிக்கொண்டார். ஆணை பின்னர் வரும்.

வெளி நடையில் ஜன்னல்காரர் என் பக்கம் வந்தார். நான்கு ஆண்டுகளில் முதன்முறையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினார். "அந்தம்மா அவ்வளவு தூரம் எடுத்துக் குடுத்தும் விட்டுட்டீங்களேம்மா. வேற யாராவதா இருந்தா இந்நேரம் நான் வீட்டை அடமானம் வெச்சிருப்பேன்."

என்னவர் குறுக்கிட்டார். "அவளுக்கு எடுத்துக் குடுத்துத்தான் பழக்கம். வாங்கிப் பழக்கமில்ல."

ஜன்னல்காரர் சிரித்துவிட்டு, சிரித்திருக்கக்கூடாதோ என்பதுபோல் தம் வக்கீலைத் திரும்பிப் பார்த்தார்.

மார்ச் 28, வெள்ளி

மகள் கேட்டாள். சொன்னேன். தட்டைக் கழுவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நீ அப்படித்தான் சொல்லுவேன்னு எனக்குத் தெரியும்மா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகவே சொல்லியிருக்கலாம்.

ஏப்ரல் 7, திங்கள்

பேருந்து நிறுத்தத்து அறைகளைக் கைபேசி விற்பவர் ஒருவர் எடுத்துக்கொண்டார். அவ்வழியே வந்தேன், பெயர்ப்பலகை மாட்டிக்கொண்டிருந்தார்கள். அகலமான கதவுதான்.

ஏப்ரல் 9, புதன்

ஆணை வந்துவிட்டது. வக்கீல் கட்டணம் தள்ளுபடி. ஏனைய செலவுகள் முழுமையாக அனுமதிக்கப்பட்டன. கால் பங்கு. தம்பி அதை வாசிக்கும்போது குரல் தாழ்ந்தது. இறைவன் தர நினைத்தது இவ்வளவு என்று தேற்றினேன். அவரைத் தேற்றிவிட்டு வீடு வந்து, என்னைத் தேற்ற ஆள் தேடினேன். என்னவர் சீட்டாடக் கூப்பிட்டார். ஆடினோம். அதிலும் தோற்றேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

இன்று நிகழ்ந்ததை முறையாக எழுத வேண்டும்.

பாராயணம் முடிந்ததும் பொருளாளர் அம்மாள் யாரையும் எழவிடவில்லை. வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வுபெற்றவர். பாட்டில் சுருதி சற்று விலகினாலும் வரவு செலவில் விலகாதவர். தம்பி அவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். பெற்ற நன்கொடையைத் திருப்பிக் கொடுக்க விதியில் இடமில்லை என்று முதலில் தெளிவாகச் சொன்னார். நான் அதைக் கேட்கவே இல்லையே என்று எழுந்தேன். உட்காரச் சொன்னார்.

கூடத்தின் பக்கவாட்டில் ஓர் அறை உண்டு. பழைய நாற்காலிகளைப் போட்டுவைத்திருந்தோம். மழை ஒழுகுகிற காலத்தில் வேறெதற்கும் ஆகாமல் இருந்தது. கூரை மாறியபின் ஒரு சொட்டும் இல்லை. சாய்தளமும் இருக்கிறது. பாராயணம் மாலையில்தானே, பகலெல்லாம் பூட்டித்தானே கிடக்கிறது. அதை என் மகளின் சிகிச்சைக்கு விடலாம் என்பது அவருடைய முன்மொழிவு.

மூத்தவர் ஒருவர், எங்களுக்கெல்லாம் பாடம் சொல்லும் தகுதி உள்ளவர், முகம் சுளித்தார். மறை ஓதுகிற இடத்தில் காலையும் கையையும் நீவி விடுவதா என்றார். எனக்கு முகம் சிவந்தது. 

அழைத்துப் போக வந்திருந்த என்னவர் வாசலில் நாற்காலியில் இருந்தபடியே மெல்லச் சொன்னார்:

"ஐயா, இப்போ எல்லாரும் எந்திரிச்சு நில்லுங்க, பார்ப்போம். கையூணாம எந்திரிக்கிறவங்க மட்டும் வேண்டாம்னு சொல்லட்டும்."

யாரும் எழவில்லை. சிலர் முயன்றார்கள். மூத்தவர் பாதி எழுந்து, அலமாரியைப் பற்றிக்கொண்டு, தாமே சிரித்துவிட்டார். அவருக்கு வலது முழங்கால்.

வாக்கெடுப்புக்குத் தேவை இல்லாமல் போயிற்று.

ஏப்ரல் 14, திங்கள்

ஓடி வந்து கட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன். மகள் இரண்டு கைகளையும் கட்டிக்கொண்டு நின்றாள்.

"சும்மா வேண்டாம். வாடகை பேசணும். எத்தனை வருஷத்துக்குன்னு எழுதிக் குடுக்கணும். கூரைக்குப் போன என் பணத்தை வாடகையில கழிக்கணும். வாய்ப்பேச்சா இருந்தா நான் வரல."

பொருளாளர் அம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "இந்தப் பொண்ணை எங்கே ஒளிச்சு வெச்சிருந்தீங்க இத்தனை நாளா?" என்று என்னிடம் கேட்டார். இருவரும் அமர்ந்து சந்தைக்குப் போன இரண்டு பெண்கள்போல் பேரம் பேசினார்கள். மூன்றரை ஆண்டு வாடகைக்குக் கூரைப் பணம் ஈடு. அதன்பின் மாத வாடகை. நான் ஒரு மூலையில் அமர்ந்து கேட்டேன். சேமித்தது வீணாகவில்லை என்பது அவள் தோள்கள் இறங்கிய விதத்தில் தெரிந்தது. எனக்கு அது போதும்.

ஒப்பந்தம் எழுதியவர் தம்பி. கட்டணம் எவ்வளவு என்று மகள் கேட்டாள். அவர் வழக்கம்போல் கையை உயர்த்தினார். "மாமா, பில் போடுங்க" என்றாள். போட்டார்.

ஏப்ரல் 24, வியாழன்

ஜன்னல்காரர் சந்து வழியாக வந்து செலவுத் தொகையைக் கொடுத்தார். தவணை கேட்பார் என்று எதிர்பார்த்தேன், முழுதாகவே கொடுத்தார். உட்காரச் சொன்னேன். நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார். தம் வக்கீலுக்குக் கொடுத்தது இதைப்போல் பல மடங்கு என்று சொல்லிக் குறைபட்டுக்கொண்டார். அந்த வக்கீல் எந்த அவையிலும் பாடுகிறவர் அல்லர்போலும்.

புறப்படும்போது, மகள் சிகிச்சை நிலையம் போடுகிறாளாமே, அலுமினியத் தடுப்பு வேலையை யாரிடம் கொடுத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். நான் வாய் திறக்குமுன் மகள் அளவுநாடாவுடன் வந்துவிட்டாள். ஒரு மணி நேரம் விலை பேசினார்கள். அவர் இரண்டு முறை எழுந்து போனார். இரண்டு முறையும் திரும்பி வந்தார். இறுதியில் அவர் கொடுத்த பணத்திலிருந்தே ஒரு பகுதியை எண்ணி அவரிடமே முன்பணமாகக் கொடுத்தாள்.

"இந்தப் பணத்துக்கு நம்ம சந்து ரொம்பப் பிடிச்சுப் போச்சு. வர்றதும் போறதுமா இருக்கு" என்றார் என்னவர்.

நான்கு ஆண்டுகள் ஜன்னல்காரர்மீது கொண்ட சினத்தை எங்கே வைத்தேன் என்று தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை. தேடுவதையும் விட்டுவிட்டேன்.

மே 12, திங்கள்

திறந்தாயிற்று. விழா ஏதும் இல்லை. கதவைத் திறந்தாள், விளக்கைப் போட்டாள். முதலில் வந்தவர் மூத்தவர், வலது முழங்காலுடன்.

மே 20, செவ்வாய்

மூத்தவர் இன்று கையூன்றாமல் எழுந்து நின்று முழுச் செய்யுளும் பாடினார். பாடி முடித்து, யாராவது கவனித்தோமா என்று சுற்றிலும் பார்த்தார். எல்லோரும் கவனித்தோம், ஒருவரும் காட்டிக்கொள்ளவில்லை.

ஜூன் 3, செவ்வாய்

மகள் மருத்துவமனை வேலையை விட்டுவிட்டாள். என்னிடம் யோசனை கேட்கவில்லை. நல்லது.

ஜூன் 19, வியாழன்

மாலை ஆறு மணிக்குப் பாராயணத்துக்குப் போனோம். பக்கத்து அறை நிரம்பிக் கூடத்திலும் நோயாளிகள் அமர்ந்திருந்தார்கள். எங்கள் பாய்களில் ஒன்றிரண்டு பேர் காலை நீட்டிப் படுத்துப் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். இடமில்லை. வாசற்படியருகே வரிசையாக நின்று தொடங்கினோம். வழக்கமான உயர்ந்த குரலில்தான்.

மகள் கதவைத் திறந்து தலையை நீட்டினாள். "அம்மா, கொஞ்சம் மெதுவா. உள்ள ஒருத்தருக்குப் பயிற்சி எண்ணிக்கிட்டிருக்கேன்."

தம்பி என் முகத்தைப் பார்த்தார். மெதுவாகப் பாடினோம்.